கிண்டி பொறியியல் கல்லூரியில் முதல் ஆறு மாதம்: புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கவுன்சலிங்கில் கிண்டி கிடைத்து, ஊரில் அங்கே படித்தவர் ஒருவரையும் தெரியாமல் கிளம்பும் மாணவர்களை மனதில் வைத்து எழுதியது இது. இந்த வளாகத்தில் கேட்டால் கிடைக்கும் உதவி நிறைய. கேட்காதவரைத் தேடி வந்து யாரும் கொடுப்பதில்லை. படித்த அண்ணனோ அக்காவோ இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிற சங்கதிகள் மற்றவர்களுக்கு இரண்டாம் ஆண்டில்தான் தெரியவருகின்றன. அதற்குள் ஒரு உதவித்தொகையோ ஒரு பாடமோ கைவிட்டுப் போயிருக்கும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் 1978-ல் உருவானது. அதன் கீழ் நான்கு கல்லூரிகள் ஒன்றுசேர்க்கப்பட்டன: கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி). முதல் மூன்றும் சர்தார் படேல் சாலையில் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எம்.ஐ.டி. மட்டும் தனியே குரோம்பேட்டையில். ஒதுக்கீட்டு ஆணையில் எந்த வளாகம் என்று அச்சிட்டிருக்கிறது என்பதை இரண்டு முறை படியுங்கள். எம்.ஐ.டி.க்குப் போகவேண்டியவர் பெட்டியோடு கிண்டி வாசலில் வந்து நிற்பது வருடா வருடம் நடக்கிறது.

கிளம்பும் முன்: காகிதங்கள்

பத்தாம், பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, வருமானச் சான்று, ஒதுக்கீட்டு ஆணை, ஆதார், பாஸ்போர்ட் அளவு போட்டோ. முதல் பட்டதாரிச் சலுகை கேட்பவர்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய சான்றோடு கூட்டு உறுதிமொழிப் படிவத்தையும் சேர்த்து வைக்கவேண்டும். 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் வருபவர்களுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று தேவை. நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு தலைமையாசிரியரிடமும் வாங்க வேண்டியிருக்கும். இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு இதற்காகத் திரும்பி ஓடுவது பெரிய தொல்லை.

மாற்றுச் சான்றிதழ் போன்ற அசல்களைக் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கொடுக்கும் முன் ஒவ்வொன்றின் இரு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து, மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஸெராக்ஸ் குறைந்தது ஐந்து செட் எடுங்கள். வங்கி, ஹாஸ்டல், உதவித்தொகை என ஆளுக்கொரு செட் கேட்பார்கள்.

பள்ளியில் உங்களுக்குத் தந்த எமிஸ் எண்ணை (மாணவர் அடையாள எண்) குறித்துக்கொண்டு வாருங்கள். கல்லூரியில் இதற்கு இணையாக யூமிஸ் எண் தருவார்கள். தமிழக அரசின் உதவித்தொகைகள் இப்போது அதன் வழியாகத்தான் போகின்றன.

வந்து சேர்வது

தெற்கிலிருந்து ரயிலில் வருபவர்கள் எழும்பூர்வரை போகவேண்டியதில்லை. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் கிண்டி வந்து, அங்கிருந்து அடையாறு பக்கம் போகும் பேருந்தில் ஏறினால் போதும். காந்தி மண்டபத்துக்கு எதிர்ப்புறம்தான் வளாகம். அரசுப் பேருந்தில் வந்தால் கிளாம்பாக்கத்தில் இறங்கி கிண்டிக்கு மாநகரப் பேருந்து பிடிக்கலாம். சென்ட்ரலில் இறங்குபவர்கள் விமான நிலையம் போகும் மெட்ரோவில் சின்னமலையிலோ கிண்டியிலோ இறங்கலாம். அல்லது பக்கத்திலிருக்கும் பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறி கோட்டூர்புரம் வந்தால், காந்தி மண்டபம் சாலை வழியாக நடந்தே வந்துவிடலாம்.

ஆட்டோவில் ஏறினால் 'அண்ணா யுனிவர்சிட்டி மெயின் கேட்' என்று சொல்லுங்கள். 'கிண்டி காலேஜ்' என்றால் கிண்டி ரயில் நிலையத்தைச் சுற்றிக் காட்டிவிடுவார்கள்.

வளாகத்தை ஒருமுறை நடந்து பாருங்கள்

சேர்க்கை வேலை முடிந்த அன்று மாலையே இதைச் செய்யுங்கள். வகுப்பு தொடங்கிய பிறகு ஹாஸ்டல், டிபார்ட்மெண்ட், மெஸ் என்று மூன்று இடத்துக்குள் கால் பழகிவிடும். நான்கு வருடம் படித்தும் பாதி வளாகத்தைப் பார்க்காமல் போகிறவர்கள் உண்டு.

செங்கல் நிறத்தில் நிற்கும் பிரதானக் கட்டடத்திலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் ரெட் பில்டிங் என்பார்கள். வழி கேட்டாலும் 'ரெட் பில்டிங்கிலிருந்து இடது பக்கம்' என்றுதான் பதில் வரும், ஆகையால் இதைத்தான் முதலில் மனதில் பதிக்கவேண்டும். கல்லூரி சேப்பாக்கத்தின் கலச மகாலிலிருந்து 1920-ல் இங்கே மாறியது. அதன் வேர் இன்னும் பழையது. 1794-ல் மைக்கேல் டாப்பிங் என்ற நில அளவையாளர் எட்டுச் சிறுவர்களோடு ஒரு சர்வே பள்ளியைத் தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலத்தையும் கரையையும் அளக்க ஆள் தேவைப்பட்டது. இங்கிலாந்திலிருந்து ஆள் வரவழைப்பதைவிட இங்கேயே பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது சிக்கனம் என்று கணக்குப் போட்டார்கள். 1859-ல் அது பொறியியல் கல்லூரி என்ற பெயர் பெற்றது. சிவில் மாணவர்கள் தியோடலைட் என்ற நில அளவைக் கருவியைத் தோளில் சுமந்து மரத்தடியில் கூட்டமாக நிற்பதைப் பார்த்தீர்களானால், இங்கே முதன்முதலில் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம் இன்றும் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, பேச்சு வழக்கில் ஏ.சி.டெக். வள்ளல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையில் 1944-ல் தொடங்கியது. கெமிக்கல், டெக்ஸ்டைல், லெதர் படிப்புகள் அங்கே. உங்கள் துறை அங்கே இல்லாவிட்டாலும் கருத்தரங்கு, தேர்வு அறை என்று அந்தப் பக்கம் போகத்தான் போகிறீர்கள்.

ராமானுஜன் கணினி மையம், நூலகம், விவேகானந்தா அரங்கம், சுகாதார மையம், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம், தொழிற்சாலைகளோடு தொடர்பு வைத்து வேலைவாய்ப்பு முகாம்களை நடத்தும் சி.யூ.ஐ.சி. ஆகியவற்றின் வாசலைக் கண்ணால் பார்த்து வையுங்கள். இதில் சுகாதார மையத்தின் வேலை நேரத்தைப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. காய்ச்சல் வந்த பிறகு தேடுவது கடினம்.

வளாகத்தில் அண்ணா எஃப்.எம். என்ற வானொலி நிலையம் இருக்கிறது, 90.4 அலைவரிசை. 2004 பிப்ரவரி 1 முதல் ஒலிபரப்பாகிறது. இந்தியாவில் ஒரு கல்வி வளாகத்திலிருந்து கிளம்பிய முதல் சமுதாய வானொலி அது. குடிசைப் பகுதிகளில் இருக்கும் பெண்கள் அதில் நிகழ்ச்சி செய்திருக்கிறார்கள். நல்ல தமிழ்க் குரல் உள்ளவர்களும் ஒலிப்பதிவு கற்க ஆசைப்படுபவர்களும் நேரே போய்க் கேட்கலாம்.

வளாகத்துக்கு வெளியே ஒன்றைச் சேர்த்தே சொல்லவேண்டும். கோட்டூர்புரத்தில் இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்தது. உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் தனிப் பகுதி உண்டு. ஹாஸ்டல் அறையில் மூன்று பேர் இருக்கும்போது தேர்வுக்குப் படிக்க இதைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை. சனி ஞாயிறு கூட்டம் நெருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

ஹாஸ்டல்

கொண்டுவர வேண்டியவை: நல்ல பூட்டு இரண்டு, வாளி, கொசுவலை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பிளாஸ்டிக் உறை. உறை எதற்கு என்றால், அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. சான்றிதழும் நோட்டும் ஈரத்தில் ஊறிவிட்டால் ஈடில்லை. கட்டிலுக்கு அடியில் பெட்டியை வைக்காமல் மேல் அலமாரியில் வையுங்கள்.

மெஸ் கணக்கு டிவைடிங் முறை. அந்த மாதம் ஆன மொத்தச் செலவைச் சாப்பிட்டவர்களின் நாள் கணக்கில் பிரிப்பார்கள். ஊருக்குப் போகும்போது முன்கூட்டியே மெஸ்ஸில் எழுதிக்கொடுத்தால்தான் அந்த நாட்கள் கழியும். சொல்லாமல் பத்து நாள் தீபாவளிக்குப் போனவரின் பெயரிலும் சாப்பாட்டுக் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும். எத்தனை நாள் முன்பு சொல்லவேண்டும், தொடர்ந்து எத்தனை நாள் இல்லாவிட்டால் கழிப்பார்கள் என்பதை வார்டன் அலுவலகத்தில் முதல் வாரமே கேளுங்கள்.

ராகிங் பற்றி ஒளிவு மறைவின்றித் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1997 முதல் அது தனிச் சட்டப்படி குற்றம். இரண்டு ஆண்டுவரை சிறை, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம். அகில இந்திய உதவி எண் 1800-180-5522, எந்த நேரமும் எடுப்பார்கள். ஒவ்வொரு ஆண்டும் நீங்களும் பெற்றோரும் இணையத்தில் உறுதிமொழி கொடுக்கவேண்டும். அந்தப் பதிவு எண்ணைச் சேர்க்கையின்போது கேட்பார்கள். சீனியர் பெயரும் ஊரும் கேட்பது வேறு. செய்யப் பிடிக்காத ஒன்றைச் செய்யச் சொன்னால், அது பாட்டுப் பாடுவதாக இருந்தாலும், மறுப்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பணம் வந்து சேரும் வழி

7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குப் படிப்புக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. யாராவது கட்டச் சொன்னால் உடனே கட்டாமல், துறைத் தலைவரிடமோ டீன் அலுவலகத்திலோ கேளுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் ஆயிரம் ரூபாய். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை உதவித்தொகைகள் தனி.

விண்ணப்பம் சரியாக இருந்தும் பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்குதான் காரணம். பள்ளியில் திறந்த கணக்கு மைனர் கணக்காகவே இருக்கும். வருடக்கணக்கில் வரவு செலவு இல்லாமல் முடங்கியிருக்கும். அல்லது ஆதார் கணக்கோடு இணைந்திருந்தாலும், நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கான (டிபிடி) 'ஆதார் சீடிங்' நடந்திருக்காது. இரண்டும் ஒன்றல்ல. வங்கியில் 'டிபிடிக்காக ஆதார் சீடிங் ஆகியிருக்கிறதா' என்று அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள். இரண்டு வங்கியில் கணக்கு வைத்திருந்தால் கடைசியாகச் சீடிங் செய்த கணக்குக்குத்தான் பணம் போகும், விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய கணக்குக்கு அல்ல. பணம் வரவில்லை என்று புலம்புபவர்களில் சிலருக்கு அது பழைய கணக்கில் பத்திரமாகக் கிடக்கும்.

வகுப்பறை: எங்கே சறுக்குகிறது

வருகைப் பதிவு 75 விழுக்காடு வேண்டும், அதுவும் பாடத்துக்குப் பாடம். 45 வகுப்பு உள்ள ஒரு பாடத்தில் 34 வகுப்பாவது இருந்தாகவேண்டும். பதினொன்று தவறவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வெள்ளி மதியம் ஊருக்குக் கிளம்பி திங்கள் மதியம் வருபவர்களுக்கு எல்லாப் பாடமும் சமமாகக் குறையாது. திங்கள் காலை முதல் வகுப்பு எந்தப் பாடமோ அது மட்டும் சரிந்து கிடக்கும். குறைந்தால் தேர்வு எழுத முடியாது, அந்தப் பாடத்தையே மறுபடி படிக்க நேரிடும். உடம்பு சரியில்லை என்றால் திரும்பி வந்த அன்றே மருத்துவச் சான்றைக் கொடுங்கள். பருவக் கடைசியில் கொடுத்தால் நம்புவது கஷ்டம்.

முதல் ஆண்டில் அதிகம் பேர் திணறுவது கணிதத்திலும் எஞ்சினியரிங் கிராபிக்ஸ் என்ற வரைபடப் பாடத்திலும். கணிதத்துக்குப் பழைய வினாத்தாள்களும் தினசரிக் கணக்கும் போதும். கிராபிக்ஸ் அப்படியில்லை, பள்ளியில் பழகாத வேலை. ஆகவே கொஞ்சம் விரிவாக.

மினி டிராப்டர் (பலகையில் பொருத்தி நேர்கோடுகள் வரையும் கருவி) வாங்கும்போது திருகை இறுக்கிய பின் அளவுகோல் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் எவ்வளவு கவனமாக வரைந்தாலும் இணைகோடு இணையாக வராது. பலகையில் தாளை ஒட்டியதும் டிராப்டரின் கிடைக்கோலைத் தாளின் விளிம்புக் கோட்டோடு பொருத்திவிட்டுத் திருகுங்கள், பிறகு அந்தத் திருகைத் தொடாதீர்கள். பாதிப் படத்தில் டிராப்டர் நகர்ந்து முழுத் தாளும் வீணாவதுதான் தேர்வறையில் நடக்கும் பெரிய விபத்து. துணைக்கோடுகளுக்கு 2எச், முடிவுக் கோடுகளுக்கு எச் அல்லது எச்பி. துணைக்கோட்டை அழுத்தி வரைந்தால் பின்னால் அழித்தாலும் தழும்பு தெரியும்.

நம் நாட்டுப் பாடத்தில் முதல் கோண வீழ்ப்பு முறை. தாளில் குறுக்காகப் போடும் எக்ஸ்ஒய் கோட்டுக்கு மேலே முகப்புத் தோற்றம், கீழே மேல் தோற்றம். பொருள் நமக்கும் திரைக்கும் நடுவில் இருப்பதால் அப்படி வருகிறது. இதை மனப்பாடம் செய்தவர்கள் சாய்ந்த பட்டகம் வந்ததும் மாற்றிப்போடுவார்கள். ஒரு தீப்பெட்டியை மேசையில் வைத்து, சாய்த்து, நேரே பார்த்தும் மேலிருந்து பார்த்தும் வரைந்து பழகினால் அந்தத் தவறு வராது. வாரம் இரண்டு தாள் போதும், ஆனால் வாரந்தோறும்.

ஒர்க்‌ஷாப்பில் பருத்தித் துணி, மூடிய ஷூ. வெல்டிங் பொறி பட்டால் நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். உலோகத் துண்டுகளை அறுத்துப் பொருத்தும் பிட்டிங் வேலையில் கோட்டின்மேலேயே ரம்பம் போடுவது எல்லோரும் செய்யும் பிழை. கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே அறுத்து, மிச்சத்தை அரத்தால் தேய்த்து எடுங்கள். அளவு குறைந்துபோன துண்டைச் சரிசெய்ய வழியே கிடையாது.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு: முதல் மாதம் ஆசிரியர் பேசுவது பாதிதான் விளங்கும். இது உங்கள் அறிவைப் பற்றிய தீர்ப்பு இல்லை, வெறும் சொற்பழக்கம். ஒரு சிறு நோட்டில் பாடத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அன்றன்று காதில் விழுந்த புதுச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் பதினோராம் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் அதற்கு இருந்த தமிழ்ச் சொல்லை எழுதுங்கள். இயற்பியல், வேதியியல், கணிதத்தில் பெரும்பாலான சொற்கள் நீங்கள் ஏற்கெனவே படித்தவைதான். சந்தேகத்தைத் தமிழில் கேளுங்கள், ஆசிரியர்கள் பதில் சொல்வார்கள். விடையை மட்டும் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிப் பழகவேண்டும். சிவில், மெக்கானிக்கல் இரண்டும் 2010 முதல் இங்கே தமிழ்வழியிலும் நடந்துவருகின்றன. அதில் சேர்ந்தவர்கள்கூட மேற்கோள் நூல்களுக்காக இந்த நோட்டை வைத்துக்கொள்வது நல்லது.

அரியர் (தேறாமல் நிலுவையில் நிற்கும் பாடம்) விழுந்தால் மறைக்காதீர்கள். அடுத்த வாய்ப்பிலேயே எழுதி முடியுங்கள். வேலைவாய்ப்பு முகாமுக்கு வரும் நிறுவனங்கள் நிலுவை அரியர் இருப்பவர்களை வடிகட்டிவிடுவது வழக்கம். ஆனால் முதல் பருவத்தில் விழுந்து இரண்டாம் ஆண்டுக்குள் முடித்த ஒன்றால் யாருடைய வாழ்க்கையும் நின்றுபோகவில்லை.

மாலை நேரம்

என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு, இளைஞர் செஞ்சிலுவை இவற்றில் ஒன்றை முதல் ஆண்டில் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். நண்பன் சேர்ந்தான் என்று சேராதீர்கள், எது எத்தனை மணிக்கு நடக்கிறது என்று பார்த்துச் சேருங்கள். அதிகாலை அணிவகுப்பு எல்லோருக்கும் ஒத்துவராது.

கலைவிழாவுக்கு டெக்கோபெஸ், தொழில்நுட்ப விழாவுக்குக் குருக்ஷேத்ரா. இரண்டையும் நடத்துவது மாணவர்கள். முதல் ஆண்டு மாணவருக்கு மேசை தூக்கும் வேலைதான் கிடைக்கும். அதைச் செய்யுங்கள். மேசை தூக்குகிற இடத்தில்தான் வேறு துறை சீனியர்களின் பழக்கம் கிடைக்கிறது. எழுத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்குக் கிண்டி டைம்ஸ் என்ற மாணவர் இதழ் இருக்கிறது. ஒரே சமயம் நான்கு குழுவில் பெயர் கொடுத்து எதிலும் தலைகாட்டாமல் போவதைவிட, ஒன்றில் ஒரு வருடம் நிலைத்திருப்பது எவ்வளவோ மேல்.

முன்னால் படித்தவர்கள்

'எனக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை' என்ற ஏக்கத்தோடு வருபவர்கள் இங்கே ஏராளம். அவர்கள் ராஜ் ரெட்டியைப் பற்றித் தெரிந்துகொள்ளவேண்டும். சித்தூர் மாவட்டக் கிராமத்துப் பிள்ளை. 1958-ல் இங்கே சிவில் முடித்தார். பிறகு ஆஸ்திரேலியா, அங்கிருந்து ஸ்டான்போர்ட். செயற்கை நுண்ணறிவில் செய்த பணிக்காக 1994-ல் டியூரிங் விருது, கணினித் துறையின் மிக உயர்ந்த விருது, அவருக்குக் கிடைத்தது. இங்கே மெக்கானிக்கல் முடித்த வர்கீஸ் குரியன் 1949-ல் குஜராத்தின் ஆனந்துக்குப் போய்ச் சேர்ந்து, பால் கூட்டுறவைக் கட்டி எழுப்பினார். கே.எல்.ராவ் சிவிலிலேயே நின்று அணைகள் கட்டினார், மத்திய அமைச்சரும் ஆனார். வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் இங்கே பொறியியல் படித்துக்கொண்டே கிரிக்கெட் ஆடியவர்கள், இருவரும் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார்கள். கிடைத்த துறையை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு வேறு பக்கம் போகவும் வழி இருந்திருக்கிறது.

பெண்கள் ஏ.லலிதாவின் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வளாகத்தில் நடக்கக்கூடாது. இந்தக் கல்லூரியின் முதல் மாணவிகளில் ஒருவர். பதினெட்டு வயதில், கையில் குழந்தை இருக்கும்போதே கணவரை இழந்தவர். தந்தை இங்கே மின்பொறியியல் பேராசிரியர். அன்றைய கல்லூரி முதல்வர் சாக்கோவின் ஆதரவோடு எலெக்ட்ரிக்கலில் சேர்ந்தார். ஒரே ஒரு பெண் தனித்துப்போகக்கூடாது என்று இன்னும் பெண்களைச் சேர்க்கவே, சிவிலுக்கு லீலம்மா ஜார்ஜும் பி.கே.திரேசியாவும் வந்தார்கள். பட்டச் சான்றில் ஆண்பாலில் அச்சிட்டிருந்த சொல்லைக் கையால் அடித்துப் பெண்பாலாக்கிக் கொடுத்தார்கள். லலிதா பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிப் பணிகளில் பங்கெடுத்தார். திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

அப்துல் கலாம் படித்தது குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில். ஆனால் 2002 ஜூனில் குடியரசுத் தலைவர் வேட்பாளராகச் சம்மதமா என்று பிரதமர் வாஜ்பாய் தொலைபேசியில் கேட்டபோது அவர் இதே கிண்டி வளாகத்தில் பேராசிரியராகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

இன்று வேலையில் இருக்கும் முன்னாள் மாணவர்களை அணுகுவது நீங்கள் நினைப்பதைவிட எளிது. முன்னாள் மாணவர் சங்கத்தின் அலுவலகம் வளாகத்திலேயே இருக்கிறது. உதவித்தொகைகளும் தருகிறார்கள், அறிவிப்புப் பலகையைப் பருவத் தொடக்கத்தில் பாருங்கள். தனியாக ஒருவருக்கு எழுதுவதானால் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்: பெயர், துறை, ஆண்டு, அவர் செய்யும் வேலையில் உங்களுக்கு எது பற்றித் தெரியவேண்டும், பதினைந்து நிமிடம் போனில் பேச முடியுமா. முதல் கடிதத்திலேயே வேலையோ இன்டர்ன்ஷிப்போ கேட்காதீர்கள். பதில் வரவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். பேசிய அன்றே ஒரு வரி நன்றி அனுப்புங்கள், அவர் சொன்ன புத்தகத்தையோ பயிற்சியையோ முடித்ததும் இன்னொரு வரி.